கொழும்பிலிருந்து பாய்ப்படகில் மாலைதீவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் கல்யாண வீட்டுப் பந்தி என்றாலும் சரி, காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடைக்கு நிற்கும் வரிசை என்றாலும் சரி, "பாய்ப்படகில மாலைதீவுக்குப் போகலாமாமே?" என்று யாராவது தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு வேறு கதை இல்லை. கேட்கிறவர்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன். விமானத்தில் போய் ரிசோட்டில் தங்குவதோ சொகுசுக் கப்பலோ இதில் வராது. பத்துப் பன்னிரண்டு மீற்றர் நீளத்தில், காற்றை நம்பி ஓடும் படகு பற்றித்தான் பேச்சு.

எல்லாம் வாசிக்கப் பொறுமையில்லாதவர்கள் மாதம் பற்றிய கேள்வியையும் பவளப்பார் பற்றிய கேள்வியையும் மட்டும் பாருங்கள். நடுக்கடலைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். படகுகள் கெடுவது பெரும்பாலும் தப்பான மாதத்தில் புறப்பட்டதாலும், கரையை அண்டிய கடைசி இரண்டு மைலிலும்தான்.

அண்ணா, மாலைதீவு எவ்வளவு தூரம்? எத்தனை நாள் எடுக்கும்?

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 415 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் என்பதால், கிலோமீற்றரில் 770 அளவில் வரும். வரைபடத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: மாலைதீவின் வடக்கு நுனியில், படகுகள் போய்ச் சேரும் உலிகமுவுக்கும், அதிலிருந்து வெகு தெற்கே இருக்கும் தலைநகர் மாலேக்கும் கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். உலிகமு நமக்கு நேர் மேற்கே இருக்கிறது. மாலே தென்மேற்கே.

சராசரி 5 நொட், அதாவது மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 120 மைல், மூன்றரை நாள். காற்று நன்றாக இருந்தால் மூன்று நாளுக்குள் முடியும், காற்று விழுந்தால் ஐந்து நாளும் இழுக்கும். நான்கு இரவு என்று மனதில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டை ஒரு கிழமைக்கு ஏற்றுங்கள். விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் போகும் இடம் என்று மாமா ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும்.

கொழும்பு ஹாபரிலேயே ஏறலாமா?

நடைமுறையில் காலிக்குத்தான் போக வேண்டும். கொழும்புத் துறைமுகம் கொள்கலன் கப்பல்களுக்கானது. அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது, சிறு படகு ஒதுங்க வசதியும் குறைவு. கடல் கடந்து வரும் பாய்ப்படகுகள் வழக்கமாகப் பதிவு செய்வதும் விடைபெறுவதும் காலித் துறைமுகத்தில். திருகோணமலையும் உண்டு, ஆனால் மாலைதீவு போகிறவர்களுக்கு அது சுற்றுவழி. காலியிலிருந்து உலிகமு 440 மைல். கொழும்பு கோட்டையில் கரையோர ரயிலைப் பிடித்து, வலப்பக்க யன்னலோரம் இருங்கள். ஏறப்போகும் கடலைக் காலி வரை பார்த்துக்கொண்டே போகலாம்.

எங்களிட்டப் படகு இல்லை. பிறகு எப்படிப் போறது?

பெரும்பாலானோர் போவது இன்னொருவருடைய படகில் கூட்டாளாக, அதாவது படகு வேலைக்குத் துணையாளாகத்தான். தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி பக்கமிருந்து மேற்கே போகும் வெளிநாட்டுப் படகுகள் ஜனவரி, பெப்ரவரியில் காலியில் வந்து நிற்கும். பல படகுகளில் கணவன் மனைவி இருவர் மட்டுமே இருப்பார்கள். இராக்காவலுக்கு மூன்றாவது ஆள் கிடைத்தால் அவர்களுக்குப் பெரிய ஆறுதல். சாப்பாடு, டீசல், முகவர் கட்டணம் ஆகியவற்றில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள். காசுக் கதையை நடுக்கடலில் பேசினால் நல்ல மனுஷரும் கெட்டவராகத் தெரிவார்.

ஏற முன் கப்டனிடம் கேளுங்கள்: உயிர்காப்புத் தெப்பம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? அவசர ஒலிபரப்பி எங்கே இருக்கிறது? என்னைப் படகோடு கொளுவும் இடுப்புப் பட்டியும் லைஃப் ஜாக்கெட்டும் எது? நீங்கள் விழுந்துவிட்டால் நான் படகை எப்படி நிறுத்துவது? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரிக்கிற கப்டனுடன் போகாதீர்கள். உட்கார்ந்து காட்டித் தருகிறவருடன் போங்கள்.

எனக்குப் பாய் இழுக்கவே தெரியாது, பரவாயில்லையா?

கூட்டாளுக்குப் பரவாயில்லை, படகை நடத்தும் தண்டையலுக்குத் தெரிந்தால் போதும். இருந்தாலும் போவதற்கு முன் மொறட்டுவைப் பக்கம் பொல்கொட ஏரியில் சில வார இறுதிகள் சின்னப் பாய்ப்படகில் பழகிக்கொள்ளுங்கள். ஏரியில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தாலும் காதாலும் உணர்வது. அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் கயிற்றின் பெயர்கள்தான்.

எந்த மாதம் போறது நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதற்பகுதி வரை. தை, மாசி என்றால் இன்னும் நல்லது. அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். நீங்கள் போவது மேற்கே. ஆகவே காற்று வலப்பக்கப் பின்புறமாக வந்து படகைத் தள்ளிக்கொண்டு போகும். அதே மாதங்களில் இலங்கைக்குத் தெற்கே கடல் நீரோட்டமும் மேற்கு நோக்கி ஓடுவதால், நாளுக்குச் சில மைல் சும்மாவே கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம். காற்று, நீரோட்டம் இரண்டும் திரும்பி முகத்துக்கு நேரே வரும். அந்த நேரம் மேற்கே போக நினைப்பது வீண் வீரம். நீர்கொழும்பு, பேருவளை மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சோளகத்தில் எத்தனை நாள் கரையில் இருக்கிறார்கள் என்று.

வாடையிலும் ஒன்றை எதிர்பார்த்துப் போக வேண்டும். மலைநாடு காற்றை மறைத்து நிற்பதால் மேற்குக் கரையோரம் முதல் நாள் காற்று நாடகமாடும். பகலில் கடற்காற்று, இரவில் தரைக்காற்று, இடையில் பாய் தொங்கிப்போய்ப் படபடக்கும். கரையைவிட்டு நன்றாக விலகியதும் மன்னார் வளைகுடாவுக்குள்ளால் நெருக்கிக்கொண்டு வரும் வாடை ஒரேயடியாகப் பிடிக்கும். காற்றே இல்லை என்று முழுப் பாயையும் விரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர்கள் அங்கேதான் ஓடித் திரிவார்கள். பொழுதுபட முன்பே பெரிய பாயில் ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டுகிற கப்டனைக் கோழை என்று நினைக்காதீர்கள். வேகம் அரை நொட் குறையும், மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள்.

ஏப்ரல் புதுவருஷ லீவுதான் எங்களுக்குக் கிடைக்கும். அப்ப போகேலாதா?

போகலாம், ஆனால் அது பாய்ப் பயணமாக இராது. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத இடைக்காலம் அது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடக்கும், பின்னேரங்களில் இடிமழையோடு இருபது நிமிடச் சூறைக்காற்று வந்து போகும். பாதித் தூரம் என்ஜினில் ஓட வேண்டியிருக்கும். டீசல் கணக்கு உதைக்கும்.

ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். அது புயற்காலம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவாகி, கன்னியாகுமரிக்குத் தெற்கால் போய் லட்சத்தீவைத் தாக்கியது. உருவாகி ஓரிரு நாளுக்குள் நடந்த காரியம். கேரள, தமிழ்நாட்டு மீனவர்கள் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. அந்தப் புயல் போன வழியும் நாம் பேசுகிற வழியும் ஒரே கடல். டிசம்பர் முதல் கிழமைகளில் புறப்பட அவசரப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

சத்தி வருமே? நான் பஸ்ஸில நுவரெலியா போனாலே எடுப்பன்.

வரும். வராதவர்கள் குறைவு. முதல் இரண்டு நாள் மோசம், மூன்றாம் நாள் பெரும்பாலானோருக்கு உடம்பு பழகிவிடும், பசி திரும்பும். டொக்டரைக் கேட்டு வாங்கும் குளிசையை ஏறுவதற்குச் சில மணித்தியாலம் முன்பே போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் குளிசையும் சேர்ந்து வெளியே வரும். பின்காற்றில் படகு பக்கத்துக்குப் பக்கம் உருளும், அது நேர்க்காற்றில் குத்துவதைவிடச் சிலருக்கு அதிகமாக ஒத்துக்கொள்ளாது. கீழே அறைக்குள் இருக்காதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தைப் பாருங்கள். கிறீம் கிறேக்கர் பிஸ்கட், இஞ்சி, சின்னச் சின்ன மிடறாகத் தண்ணீர்.

காற்று போகும் பக்கத்தில் எட்டிப் பார்த்துச் சத்தி எடுக்கும்போது இடுப்புப் பட்டி கொளுவப்பட்டிருக்க வேண்டும். இது நாகரிகத்துக்காகச் சொல்வதில்லை. ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

நீந்தத் தெரியாதவன் ஏறலாமா?

ஏறலாம். படகு 5 நொட்டில் ஓடும்போது ஒரு நிமிடத்தில் 150 மீற்றருக்கு மேல் போய்விடும். நீங்கள் விழுந்ததை இரண்டு நிமிடம் கழித்து ஒருவர் கண்டால், 300 மீற்றருக்கு அப்பால் அலைகளுக்கிடையில் ஒரு தலை. பகலிலேயே தேங்காயளவு தெரியும், இரவில் அதுவும் இல்லை. நீச்சலில் பதக்கம் வாங்கியவருக்கும் தெரியாதவருக்கும் அந்த இடத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. எனவே விழாமல் இருப்பதுதான் விஷயம். பொழுதுபட்ட பின்பும், தனியாக மேலே நிற்கும்போதும், பாயைச் சுருக்க முன்னால் போகும்போதும் பட்டியைக் கொளுவுங்கள். ஆண்கள் பின்புறம் நின்று ஒன்றுக்குப் போவதை முற்றாக மறந்துவிடுங்கள்.

அப்ப டொய்லெட்?

கீழே சின்ன அறை, கையால் பம்ப் பண்ண வேண்டும். உட்கார்ந்துதான், எல்லோரும்.

இராவில நங்கூரம் போட்டுட்டு நித்திரை கொள்ளுறதோ?

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள், நியாயமான கேள்வி. கரையோர மேடையைத் தாண்டியதும் கடலின் ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றருக்குப் போய்விடும். எந்தச் சங்கிலியும் எட்டாது. படகு இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்கள் முறை வைத்து விழித்திருப்பார்கள். மூன்று பேர் என்றால் மூன்று மணித்தியாலம் காவல், ஆறு மணித்தியாலம் ஓய்வு.

காவல் என்றால் பத்து நிமிடத்துக்கொரு தடவை எழும்பி, நின்று, சுற்றி நாலாபக்கமும் பார்ப்பது. ஏன் பத்து? உங்களை நோக்கி 18 நொட்டில் வரும் கப்பலும் 5 நொட்டில் போகும் நீங்களும் நேருக்கு நேர் என்றால், 6 மைல் இடைவெளி கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இடையில் சுக்கானைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும். அது பழுதானால் கையால் பிடிக்க வேண்டியதுதான். திசைகாட்டி முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தால் கண் செருகும். அதைவிட ஒரு வழி இருக்கிறது: ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேர் மேற்கில் மறையும். ஜனவரிக் கடைசியில் அவை இறங்குவது அதிகாலை மூன்று, மூன்றரை மணியளவில். உலிகமுவும் நேர் மேற்கு. அவை தாழ்ந்து வரும்போது படகின் மூக்கை அவற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு ஓட்டலாம். வலப்பக்கம் துருவ நட்சத்திரத்தைத் தேடாதீர்கள். நம் அகலாங்கில் அது தொடுவானத்துக்கு மேல் 7 பாகைதான், புகாருக்குள் பெரும்பாலும் அகப்படாது.

பெரிய கப்பல்கள் எங்களைக் கண்டு விலகாதோ?

சட்டப்படி, திறந்த கடலில் என்ஜினில் ஓடும் கப்பல் பாயில் ஓடும் படகுக்கு வழிவிட வேண்டும். அந்தச் சட்டத்தைப் பாடமாக்குங்கள், அதை நம்பி உயிரை வைக்காதீர்கள். உலகத்திலேயே நெரிசலான கப்பற்பாதைகளில் ஒன்று தெவிநுவர முனைக்குத் தெற்கால் போகிறது. செங்கடல் பக்கம் போகும் கப்பல்கள் அங்கிருந்து மினிக்கோய்க்கும் மாலைதீவுக்கும் நடுவிலுள்ள எட்டுப் பாகைக் கால்வாயைக் குறிவைத்து ஓடும். உலிகமு அந்தக் கால்வாயின் தெற்கு ஓரத்தில் இருப்பதால், நீங்கள் அந்தப் பாதையோடு ஒட்டியும் குறுக்கேயும் போக வேண்டிவரும். கப்பல்களின் பெயர், வேகம், திசை எல்லாம் காட்டும் ஏஐஎஸ் கருவி இப்போது அநேகமாக எல்லாப் படகிலும் இருக்கிறது. அது உங்களையும் மற்றவர்களுக்குக் காட்டுகிறதா என்று கேளுங்கள், சில படகுகளில் பார்க்க மட்டும்தான் முடியும். சந்தேகம் என்றால் கப்பலின் பெயரைச் சொல்லி விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கூப்பிடலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும்.

மீன்பிடிப் படகுகள் வேறு கதை. பல நாள் படகுகள் இரவில் நீளமான வலையையும் தூண்டிற்கயிற்றையும் மிதக்கவிட்டுவிட்டுக் காத்திருக்கும். வலையின் நுனியில் ஒரு சின்ன மின்னும் விளக்கு மட்டும் இருக்கும். அது படகின் சுழலியில் சுற்றிக்கொண்டால் அன்றைய நாள் போச்சு. பகலில் அவர்கள் கிட்ட வந்து சூரையைத் தூக்கிக் காட்டிச் சிகரெட் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரர் சிலர் இதைக் கண்டு கொள்ளையர் என்று பதறுவதுண்டு. இங்கேதான் நம்மைப் போன்ற கூட்டாளுக்கு மதிப்பு. "மச்சான், தெல கொஹேத?" என்று சத்தம் போட்டு வலை எங்கே என்று கேட்டால், எந்தப் பக்கத்தால் விலகிப் போவது என்று கையால் காட்டிவிடுவார்கள்.

கடற்கொள்ளைக்காரர்?

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோமாலியக் கொள்ளையரின் பயம் மாலைதீவுக் கடல் வரை இருந்தது உண்மை. பிறகு அடங்கி, 2023 ஜனவரியில் இந்து சமுத்திரத்தின் 'உயர் ஆபத்து வலயம்' என்ற வகைப்படுத்தலையே கப்பற்துறை நீக்கியது. அந்த ஆண்டின் கடைசியில் மறுபடி தலைதூக்கியது. 2024 ஜனவரியில் இலங்கை மீன்பிடிப் படகொன்றைப் பிடித்தார்கள், சீஷெல்ஸ் படையினர் மீட்டார்கள். ஆனால் அது நடந்தது மாலைதீவையும் தாண்டி வெகு மேற்கே. உலிகமு வரை போகிறவருக்கு என் கணக்கில் இது கவலைப் பட்டியலின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து மேலும் மேற்கே போகிற படகு என்றால் கப்டனிடம் திட்டத்தைக் கேளுங்கள்.

போன் வேலை செய்யுமா? ஆபத்தென்றால் ஆரைக் கூப்பிடுறது?

கரையைவிட்டுச் சில மணித்தியாலத்தில் சிக்னல் போய்விடும். விஎச்எஃப் வானொலி இருபது முப்பது மைலுக்குள்தான். உண்மையான ஆபத்துக்கு 406 மெகாஹேட்ஸில் செய்மதிக்குச் சைகை அனுப்பும் அவசர ஒலிபரப்பிதான் ஆதாரம். இலங்கையின் தேடுதல், மீட்புப் பொறுப்புக்குரிய கடற்பரப்பு நாட்டின் நிலப்பரப்பைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு. கொழும்பிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தைக் கடற்படை நடத்துகிறது. அந்தப் பக்கம் மாலைதீவுக் கரையோரக் காவற்படை. உதவி வரும், ஆனால் நிமிடத்தில் வராது. ஓட்டையை அடைக்கவும் காயத்தைக் கட்டவும் படகிலேயே சாமானும் தெரிந்த ஆளும் வேண்டும்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போறது?

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு நாலு லீற்றர், அதைப் போத்தல்களில் பிரித்து வையுங்கள். ஒரே தாங்கியில் வைத்து அது உவர்த்துப்போனால் எல்லாம் போச்சு. முதல் இரண்டு நாளுக்கு சத்தி நிலைமையை யோசித்துப் பாண், வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு. பிறகு சோறும் பருப்பும். சீனிச்சம்பல் ஒரு போத்தல் நிறைய எடுத்துப் போனால் படகே உங்களுக்கு அடிமை. அதற்குள் போடும் மாசிக் கருவாடு மாலைதீவிலிருந்து வந்ததுதான், திரும்ப அங்கேயே போகிறது. இடியப்பம் முதல் நாள் மத்தியானத்தைத் தாண்டாது.

முந்தி எங்கட ஆக்கள் இப்படிப் போனவையா?

மாசி ஏற்றிய மாலைதீவுப் பாய்க்கப்பல்கள் சோளகத்தில் கொழும்புக்கு வந்து, வியாபாரம் முடித்து, அரிசி ஏற்றிக்கொண்டு வாடையில் திரும்பும். காற்றுக்கால அட்டவணை அன்றைக்கும் இதேதான். வடக்கே வல்வெட்டித்துறையாரின் கப்பல்கள் இரங்கூன் வரை போய் வந்தன. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற மரக்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது வல்வெட்டித்துறைக் கடலோடிகளோடு 1938இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஓட்டத்துக்கு முன்னால் நம்முடைய நான்கு இரவு ஒன்றுமேயில்லை.

விசா, பத்திரம் எல்லாம் எப்படி?

மாலைதீவு இலங்கையருக்கு வந்திறங்கும்போதே 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. படகுக்குத்தான் வேலை அதிகம். இலங்கையில் குடிவரவு முத்திரையும் துறைமுகத்தைவிட்டு வெளியேறும் அனுமதிப் பத்திரமும் வேண்டும், அங்கே முகவர் ஒருவர் மூலம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கூட்டாள் பட்டியலில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கிறதா பாருங்கள். நம் தகப்பன் பெயர் முன்னா பின்னா என்று வெளிநாட்டுக் கப்டனுக்குத் தெரியாது. உலிகமுவுக்கு முன்னால் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு நில்லுங்கள், அதிகாரிகள் படகுக்கு வருவார்கள். மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புங்கள். அங்கே இறங்கி விமானத்தில் திரும்புவதாக இருந்தால், படகின் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை முறைப்படி நீக்கிய பிறகே பையைத் தூக்குங்கள்.

அப்பா படகில வைக்கச் சொல்லி ஒரு சின்னப் பிள்ளையார் தந்தார். பிரச்சினை வருமா?

வரலாம். வழிபாட்டுக்குரிய சிலைகளும் பன்றியிறைச்சியும் மாலைதீவுச் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. நாயும் கொண்டுபோக முடியாது. மதுவை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. படகில் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், கரைக்கு ஒரு சொட்டும் இறக்கக் கூடாது. பிள்ளையாரைக் காலிக்குப் போகும் வழியில் வீட்டிலோ கோயிலிலோ விட்டுவிட்டு, தேங்காயைத் துறைமுக வாசலில் அடித்துவிட்டு ஏறுங்கள். கழுத்துச் சங்கிலியில் சிலுவையோ ஓம் பென்டனோ இருந்தால் சட்டைக்குள் இருக்கட்டும். விருந்தாளியாகப் போகிற ஊரில் இதில் விவாதம் பண்ணுவதில் எனக்கு விருப்பமில்லை.

பவளப்பார் பவளப்பார் என்று பயப்படுத்திறீங்களே, ஜீபிஎஸ் இருக்குத்தானே?

இருக்கிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஜீபிஎஸ் சரியாகச் சொல்லும். பார் எங்கே இருக்கிறது என்று சொல்வது வரைபடம். மாலைதீவை முதன்முதலில் ஒழுங்காக அளந்தது 1830களில் மோர்ஸ்பி தலைமையில் வந்த ஆங்கிலேயர். அந்த அளவைகள் வெகுகாலம் வரைபடங்களுக்கு அடித்தளமாக இருந்தன. இன்றைய மின்வரைபடத்திலும் சில இடங்களில் தீவு ஒரு பக்கம், வரைபடத் தீவு இன்னொரு பக்கம். செய்மதிப் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள்தான் நிம்மதியாக உள்ளே போகிறார்கள்.

தரை பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீற்றர் அளவுதான். ஆகவே தூரத்தில் தீவு தெரியாது, தென்னை உச்சிகள் தெரியும். கணக்குப்படி 15 மீற்றர்த் தென்னை பத்து மைலில் தெரிய வேண்டும், வெக்கைப் புகாரில் ஆறேழு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடலுக்கு மேல் அந்தரத்தில் நாலைந்து புள்ளி. கொஞ்சம் கிட்டப் போனதும் புள்ளிகளுக்குக் கீழே கோடு. இன்னும் கிட்டப் போனால்தான் வெள்ளை மணல். இரவில் அதுவும் கிடையாது. ஒரு பக்கம் பல நூறு மீற்றர் ஆழம், படகின் நீளத்துக்குள் அது ஒரு மீற்றராகிவிடும். ஆழமானி எச்சரிக்க நேரமே இராது.

அதனால் உள்ளே நுழைவது காலை ஒன்பதுக்கும் பின்னேரம் இரண்டுக்கும் இடையில் மட்டும். மேற்கே போகிறவருக்குக் காலையில் சூரியன் முதுகுப்பக்கம், தண்ணீரின் நிறம் துல்லியமாகத் தெரியும். மூன்று மணிக்குப் பிறகு முகத்தில் அடித்து எல்லாம் வெள்ளித்தகடாகிவிடும். பொலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் முன்னணியத்தில் நிற்க வேண்டும். கருநீலம் ஆழம், இளநீலம் மணல், மண்ணிறத் திட்டு பவளம். கால்வாய் வாயில்களில் நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும் என்பதால் மூக்கு நோக்கும் இடத்தை நம்பாமல் படகு உண்மையில் போகும் வழியைப் பாருங்கள். நங்கூரம் போடுவது பெரும்பாலும் 15 முதல் 30 மீற்றர் ஆழத்தில், மணலில். சங்கிலி நீளமாக வேண்டும்.

பொழுதுபட்டபின் வந்து சேர்ந்தால்? உள்ளே போகாதீர்கள். பாயைக் குறைத்து, சுக்கானை எதிர்ப்பக்கம் கட்டி, பத்துப் பதினைந்து மைல் வெளியே படகை நகராமல் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருங்கள். எல்லோரும் களைத்து, தீவின் விளக்குகள் தெரிகிற அந்த இரவில்தான் "மெல்லமாப் போய்ப் பாப்பமே" என்று ஒருவர் சொல்வார். அந்த ஆளுக்குச் சோறு போட்டுப் படுக்க அனுப்புங்கள்.

ஆளில்லாத் தீவில இறங்கி முகாம் போடலாமோ?

ஏறத்தாழ 1,190 தீவுகளில் ஆட்கள் குடியிருப்பவை இருநூறு அளவு. மிச்சம் எல்லாம் சும்மா கிடக்கிறது என்று எண்ணாதீர்கள். ரிசோட்டுக்கோ வேறு தேவைக்கோ குத்தகைக்கு விடப்பட்டவை அதில் உண்டு. முகவரிடம் கேட்டு அனுமதியோடு இறங்குங்கள். ஊர்த் தீவுகளில் தோளும் முழங்காலும் மூடிய உடை. மீனை ஈட்டியால் குத்துவது தடை. பவளத்துண்டு, ஆமை ஓடு என்று எதையும் பையில் போடாதீர்கள்.

இவ்வளவு தூரம் ஏன், நெடுந்தீவுக்கோ மினிக்கோய்க்கோ போனால் என்ன?

கொழும்பிலிருந்து மேற்குக் கரையால் வடக்கே போனால் மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் மணல் திட்டுகள் வழிமறிக்கும்; அடியில் கத்தி போல ஆழமாக இறங்கும் தகடு உள்ள பாய்ப்படகு அதைத் தாண்டாது. நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகு இருக்கிறது, அதில் போங்கள். மினிக்கோய் நமக்கு உலிகமு அளவு தூரம்தான், ஆனால் இந்தியாவின் லட்சத்தீவுக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும். நினைத்தபடி போய் நங்கூரம் போட முடியாது.

அதே படகில திரும்பி வரேலாதா?

வாடை ஓயும்வரை முடியாது. மேலே மாதக் கேள்வியில் சொன்னதைத் தலைகீழாக வாசியுங்கள்: போகத் தள்ளிய காற்று, வரும்போது முகத்தில். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் காற்று மேற்குக்கு மாறும்போது திரும்புகிறவர்கள் உண்டு. சோளகம் முழு மூச்சில் தொடங்கும் முன் கரை சேர வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருக்கும். கூட்டாளாகப் போனவர் மாலேயிலிருந்து விமானம் ஏறுவதே புத்தி. திரும்பும் டிக்கெட்டை, திகதி மாற்றக்கூடியதாகப் பார்த்து, புறப்பட முன்பே வாங்குங்கள்.

அம்மா விடமாட்டா. என்ன சொல்லிச் சமாளிக்கிறது?

சமாளிக்காதீர்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படகின் பெயர், எந்த நாட்டுக் கொடி, நிறம், எத்தனை பாய்மரம், ஏறுகிறவர்கள் பெயர், புறப்படும் நாள், எங்கே போய்ச் சேருவது, அவசர ஒலிபரப்பியின் பதிவு எண், காலி முகவரின் இலக்கம், உலிகமு முகவரின் இலக்கம், மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தின் இலக்கம். சேரும் நாளை ஒரு திகதியாக எழுதாமல் "இந்த நாளிலிருந்து இந்த நாளுக்குள்" என்று எழுதுங்கள். காற்று விழுந்தால் படகு பிந்தும் என்று முதல் பதிலில் சொன்னதை அம்மாவுக்கும் சொல்லுங்கள். கடைசி நாளும் கடந்து இன்னும் ஒரு முழு நாள் போனால் முதலில் உலிகமு முகவருக்கு, அங்கே தகவல் இல்லையென்றால் மீட்பு நிலையத்துக்கு. பெரியம்மா, சின்ன மாமிக்கெல்லாம் அதற்குப் பிறகு. அந்தத் தாளில் ஒரு பிரதி பக்கத்து வீட்டு மாலைதீவுக் குடும்பத்திடமும் இருக்கட்டும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், திவெஹி மொழியில் ஒரு போன் எடுத்துக் கேட்டுத் தருவார்கள்.